எந்தப் பக்கமிருந்து இருட்டு?

திங்கட்கிழமை முதல் கண் பிரிவின் இருட்டறை, புதிதாக வந்திருக்கும் தாதிகள் உங்கள் மூவரின் பொறுப்பு. நான் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போகிறேன். பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி உட்கார்ந்து அனுபவம் எழுதுவார்கள் என்று நேற்று ஒருத்தி என்னைக் கேலி செய்தாள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனால் இந்த ஆஸ்பத்திரிக்கு லேசர் இயந்திரம் வந்த நாளிலிருந்து அதன் பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

இயந்திரத்தை எப்படித் துடைப்பது, எந்தச் சொட்டு மருந்தை எத்தனை முறை விடுவது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது சுவரில் இல்லாதது.

இயந்திரம் வந்த புதிதில் தஞ்சோங் டாவாயிலிருந்து ஒரு மலாய் மீனவர் வந்தார். பாக் மாட் என்று கூப்பிடுவோம். அவருக்கும், இங்கே எல்லாருக்கும் போல, நர்ஸ் என்றால் மிஸி. சர்க்கரை நோய் அவருடைய விழித்திரை வரை போயிருந்தது. லேசர் முடிந்து நாற்காலியை விட்டு எழுந்தவர், கையை நீட்டி நீட்டிச் சுவரைத் தேடினார். "மிஸி, விளக்கை ஏன் அணைச்சிட்டீங்க?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வெளிச்சத்தைப் பார்த்த கண் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றையும் பார்க்காது. பிறகு எல்லாம் ஊதாவாகத் தெரியும், அப்புறம் மங்கலாக, அப்புறம் சரியாக. அதை நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவர்க்கடிகாரம் கண்ணுக்குத் தெரியும் வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. நானும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். "கொஞ்ச நேரம் இருட்டா இருக்கும். பயப்படாதீங்க." நாளுக்குப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. நல்லதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்குப் புரியாது. நான் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். மலாயில் எழுதிப் பாஸானேன், ஆங்கிலத்தில் தாதிப் படிப்பு, வீட்டில் தமிழ். டாக்டருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. தோட்டத்துச் சனங்களுக்கு ஆஸ்பத்திரி மலாய் பிடிபடாது. நடுவில் நான். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். டாக்டர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை வைத்திருப்பேன். அதில் எனக்குப் பெருமை. இப்போதும் அந்தப் பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சலேத்தம்மா அக்கா வந்தது தவக்காலம் தொடங்கிய சமயம். பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தில் கோடு கீறிப் பால் எடுக்கிற வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பே வலது கண் போய்விட்டது. யாரிடமும் காட்டவில்லை, தானாகவே சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார். "ஒண்ணைச் சாமிக்குக் குடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்" என்று இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கண்ணில் மின்னல் அடிக்கிறது, பூச்சி பறக்கிறது என்று வந்திருந்தார். டாக்டர் பார்த்தபோது விழித்திரையின் மேல்பக்கத்தில் ஒரு கிழிசல்.

கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டு வைப்பார்கள். அந்தச் சூடு தழும்பாகி இறுகிப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிழிசல் வழியாக நீர் இறங்கினால் விழித்திரை கண்ணின் பின்சுவரை விட்டு உரிந்துவிடும். அந்த அக்காவின் வலது கண் அப்படித்தான் போயிருந்தது.

லேசர் அடித்து முடிந்ததும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நான் மரத்துக்குக் கோடு போடுற மாதிரி நீங்க கண்ணுக்குக் கோடு போடுறீங்களா மிஸி? பால் வடியுதான்னு பாருங்க."

அதை நான் மலாயில் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டு எச்சரிக்கைகளைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். மின்னல் அதிகமானால், பூச்சி கூட்டமாகப் பறந்தால், திரை விழுந்தால் உடனே வர வேண்டும். டாக்டர் சொன்னது லங்சிர், அதாவது சன்னல் துணி. அதைத் 'திரை' என்று ஒரே சொல்லில் அழகாகச் சொன்னேன் என்று எனக்குத் திருப்தி. கூடவே வழக்கமான வாய்ப்பாட்டையும் சொன்னேன். இருட்டா இருக்கும், பயப்படாதீங்க.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, சோதனைக்கு வந்தார்.

அன்று காலையிலேயே டாக்டரை அறுவைக் கூடத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் முப்பது பேர். அவர் போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: புதிய தொந்தரவு ஏதாவது சொல்கிறவர்களை இருக்க வை. பார்வை போன வாரம் மாதிரியே இருந்து தொந்தரவு எதுவும் இல்லையென்றால் திங்கட்கிழமை வரச் சொல். மதியம் திரும்பி வருகிறேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. முப்பது பேரில் யார் இருப்பது, யார் போவது என்று நான் முடிவு செய்கிறேன்.

சலேத்தம்மா அக்கா வாசற்படியில் தடுக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, காலால் பெஞ்சைத் தேடி, பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னக்கா, என்ன செய்யுது?"

"கண்ணு இருட்டிக்கிட்டு வருது மிஸி."

"காலையில சாப்பிட்டீங்களா?"

"இன்னிக்கு ஒருசந்தி லா. மத்தியானம் ஒரு வேளைதான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெறும் வயிறு, பஸ்ஸில் ஒரு மணி நேரம், மேலே வெயில். நம் தமிழில் கண் இருட்டுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மயக்கம் வரப் போகிறது என்று அர்த்தம். கேன்டீனிலிருந்து ஒரு கோப்பை மைலோ வரவழைத்தேன்.

"குடிச்சா நோன்பு முறிஞ்சிடும்மா."

"நான் சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன். குடிங்க."

"நீங்க மாரியம்மன் கோயிலு. உங்க பேச்சை எங்க சாமியார் கேப்பாரா?" என்று சொல்லிவிட்டுப் பாதி குடித்தார். மேசையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையை வைத்தார். அதை நான் பார்த்தேன். பார்த்ததற்கு ஓர் அர்த்தமும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு பார்வைப் பலகையின் முன் நிறுத்தினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பலகை உங்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். காட்டினார். போன வாரம் காட்டிய அதே வரி வரை தவறில்லாமல் காட்டினார். பார்வை மாறவில்லை. மயக்கமும் தெளிந்தது போலத் தெரிந்தது. "பதினோரு மணி பஸ்ஸைப் பிடிச்சிடுங்க. திங்கட்கிழமை வாங்க. நோன்பு இல்லாத நாள்" என்று அனுப்பிவைத்தேன். அட்டையில் மலாயில் எழுதினேன்: பெனிங், பூவாசா. தலைசுற்றல், நோன்பு. இரண்டே சொல்.

மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். இருக்க வைத்தவர்களில் முதல் ஆள் பாக் மாட். சாயங்காலம் ஆனால் கண் கெலாப் என்றார். இருட்டு.

டாக்டர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "கெலாப் எப்படி? மேலேயிருந்தா, கீழேயிருந்தா, ஓரத்திலிருந்தா?"

"அப்படி இல்ல டாக்டர். விளக்குல எண்ணெய் குறைஞ்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"அது லேசரால் வருவது. அப்படித்தான் இருக்கும்."

அவ்வளவுதான். சாதாரணமான கேள்வி, சாதாரணமான பதில். நான் அடுத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். மலாயில் ஒருவர் இருட்டு என்றால், எங்கேயிருந்து என்று கேட்கிறோம். தமிழில் ஒருவர் இருட்டு என்றபோது, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

படியில் தடுக்கினார். காலால் பெஞ்சைத் தேடினார். கையால் மேசையைத் தடவினார். மயக்கம் வருகிறவர் அதையெல்லாம் செய்வார். கீழ்ப்பாதி தெரியாதவரும் செய்வார். கிழிசல் இருந்தது மேல்பக்கத்தில். விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால், மேலே உரிந்தால் கீழேயிருந்துதான் இருட்டு ஏறும். நடுப்பகுதி ஒட்டியிருக்கும் வரை பலகையில் எல்லா வரியும் தெரியும்.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய்த் தோட்டத்துக்குத் தொலைபேசி போட்டேன். யாருக்கும் தெரியாமல் அந்த அக்காவைத் திரும்ப வரவழைத்துவிடலாம், காலையில் நடந்தது நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கணக்கு. முதலில் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எடுத்தார்.

"சலேத்தம்மாவா? மத்தியானமே லயத்து வீட்டுப் பக்கம் போச்சு. என்ன சங்கதி?"

"ஒரு டாக்சி வச்சு இங்க அனுப்பி வைக்க முடியுமா சார்?"

"தோட்டத்துக்கு எங்கேயிருந்தும்மா டாக்சி வரும்? லாரி ஆறு மணிக்குத்தான். சீரியஸா? டாக்டர் சொன்னாரா?"

போனை வைத்துவிட்டேன். அங்கே நான் செலவழித்தது இருபத்தைந்து நிமிடம். உங்களுக்குக் கணக்கு சொல்வதற்காக எழுதவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடமும் சலேத்தம்மா அக்காவின் கண்ணுக்குள் நீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதற்காக எழுதுகிறேன். காலையில் நடந்தது அறியாத தப்பு. இது தெரிந்தே செய்தது.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். "காலையில் ஒருவரைத் தவறாக அனுப்பிவிட்டேன். ஒற்றைக் கண் அம்மா. மேல் கிழிசல்."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "தலைசுற்றல் என்று எழுதியிருக்கிறாயே. அந்த அம்மா சொன்ன சொல் என்ன?"

"மயக்கம் வருவதை நாங்கள் தமிழில்..."

"உன் அர்த்தம் வேண்டாம். சொல்லைச் சொல்."

ஒவ்வொரு சொல்லாக மலாயில் மாற்றினேன். கண். இருட்டாகி. வந்துகொண்டிருக்கிறது. மலாயில் கேட்டபோது அதில் மயக்கமே இல்லை. கண் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், என் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருந்தார். தமிழ் தெரியாத ஆள் அங்கே இருந்திருந்தால் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார்.

டாக்டர் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டியை எடுத்துக்கொண்டு நீயே போ. மல்லாக்கப் படுக்க வைத்துக் கொண்டு வா. குனியவிடாதே, நடக்கவிடாதே."

ஆம்புலன்ஸ் ஓட்டியவர் வேலு அண்ணன். வழியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள். நான் முன்சீட்டில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஆளு சாகக் கிடக்குதா மிஸி?"

"இல்லண்ணே. கண்ணு."

"கண்ணுக்கெல்லாம் சைரன் போடலாமா?"

"போடுங்க."

"கேட்டாங்கன்னா மிஸிதான் சொன்னாங்கன்னு சொல்லிடுவேன்."

"சொல்லுங்கண்ணே. இன்னிக்கு எல்லாத்தையும் நான்தான் சொன்னேன்."

லயத்து வீடு பூட்டியிருந்தது. தவக்கால வெள்ளி, எல்லாரும் சிற்றாலயத்தில் சிலுவைப் பாதைக்குப் போயிருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. சிலுவைப் பாதை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவள். பதினான்கு ஸ்தலம். ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலில் விழுந்து, குனிந்து, எழுந்திருக்க வேண்டும்.

ஓடினேன். தகரக் கூரைக்குக் கீழே எழுபது எண்பது பேர். உபதேசியார் வாசித்துக்கொண்டிருந்தது நான்காம் ஸ்தலம். சலேத்தம்மா அக்கா முன்னால் இருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அவர் முதுகில் கை வைத்தேன்.

"அக்கா, குனியாதீங்க. எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க."

"மிஸியா? என்னம்மா நீங்க, கோயிலுக்குள்ள வந்து... பதினாலும் முடியட்டும்."

"முடியாதுக்கா. இருட்டு எந்தப் பக்கமிருந்து வருது?"

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "கீழேயிருந்து. காலையில என் கால் தெரியல. இப்ப உங்க வாயும் தெரியல. கண்ணு மட்டும்தான் பேசுது."

வாசிப்பு நின்றுவிட்டது. உபதேசியார் என்னம்மா என்று கேட்டார். எண்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், பக்கத்துத் தோட்டத்தில் படித்து நர்ஸ் ஆன பிள்ளை. அக்காவின் கண் ஆபத்தில் இருக்கிறது, காலையிலேயே என்னிடம் சொன்னார், நான் மயக்கம் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

முன்னால் இருந்த ஒரு பெண் கேட்டார். "ஏம்மா, அவ்வளவு படிச்சியே, உனக்குத் தமிழ் தெரியாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான்கு பேர் சேர்ந்து படுக்கையில் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கதவை மூடும்போது பின்னால் உபதேசியாரின் குரல் கேட்டது, ஐந்தாம் ஸ்தலம். சலேத்தம்மா அக்கா மல்லாந்து படுத்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நீங்க திரைன்னு சொன்னீங்க மிஸி. எங்கப்பாவுக்குத் திரை விழுந்துச்சு. வெள்ளையா, தேங்காய்ப்பால் ஊத்தின மாதிரி. எனக்கு அப்படி ஒண்ணும் வரல. இருட்டா இருக்கும், பயப்படாதீங்கன்னும் சொன்னீங்க. அதான் நான் பயப்படல."

அவர் குற்றம் சாட்டவில்லை. எனக்கு விளக்கிச் சொன்னார். அவருக்குத் திரை என்றால் கண்புரை. திரை, இருட்டு, பயப்படாதே. மூன்றும் என் வாயிலிருந்து வந்தவை. வண்டி ஒவ்வொரு குழியில் விழுந்தபோதும் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, நீர் அதன் விளிம்பில் வந்து நிற்கிறது என்றார். மறுநாள் காலை முதல் ஆளாக அறுவை. நடுப்பகுதி பிரிவதற்கு முன்பு செய்தால் பார்வை மீள வழி உண்டு. நிச்சயம் உண்டா என்று கேட்டேன். அவர் அறுவைக்கான தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அந்த நாட்களில் அறுவைக்குப் பிறகு இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைப்பார்கள். அக்கா கட்டோடு கிடந்தவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வார்டைக் கடந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். என் காலடி ஓசை அவருக்குப் பழகிவிட்டது. "மிஸி, சும்மா சும்மா வந்து நிக்காதீங்க. கோழி முட்டையைப் பார்க்கிற மாதிரி இருக்கு" என்பார்.

நம் பிரிவில் அட்டையின் முதல் வரியில் நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுகிறோமே, அது ஏன் என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். அந்த வாரம் தொடங்கியதுதான். தமிழென்றால் தமிழில் எழுதுங்கள், மலாயென்றால் மலாயில். உங்கள் அர்த்தம் இரண்டாவது வரியில் வரட்டும். லேசர் முடிந்தவர்களிடம், இருட்டா இருக்கும் பயப்படாதீங்க என்று அதோடு நிறுத்தாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தெளிகிற இருட்டு வேறு, ஒரு பக்கமிருந்து ஏறி வருகிற இருட்டு வேறு என்று கையால் காட்டிச் சொல்லுங்கள். திரை என்ற சொல்லை நான் பிறகு பயன்படுத்தியதே இல்லை. உள்ளங்கையை அவர்கள் கண்ணுக்குக் கீழே வைத்து மெல்ல மேலே உயர்த்திக் காட்டுவேன், பிறகு மேலேயிருந்து, பிறகு ஓரத்திலிருந்து. அதற்கு மொழி தேவையில்லை.

வேற்று மொழிக்காரர் பேசும்போது நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். நம் மொழியில் பேசினால் பாதியிலேயே புரிந்துகொண்டுவிடுகிறோம். உங்களில் இரண்டு பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஆபத்து உங்களுக்குத்தான் அதிகம்.

கட்டுப் பிரித்த காலையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

சலேத்தம்மா அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்தோம். டாக்டர் எதிரே நின்றார். நான் இடது கண்ணின் பஞ்சை ஈரப்படுத்தி எடுத்தேன். இமை வீங்கியிருந்தது, தண்ணீர் வழிந்தது. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். டாக்டர் தன் முகத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். பிறகு விரல்களைக் கீழே கொண்டுபோய் எத்தனை என்று கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அப்படியே இருந்தார். தெரியவில்லை போல, இன்னும் நேரம் ஆகும் என்று டாக்டரிடம் சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. காத்திருந்தேன்.

"டாக்டருக்கு யாரும் சொல்லலையா?" என்றார் சலேத்தம்மா அக்கா, டாக்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மூணு விரலு. அதுக்குப் பின்னால சட்டைப் பையில மை கசிஞ்சிருக்கு."

காலையிலிருந்து டாக்டரின் பக்கத்திலேயே நின்ற நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த அக்கா சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் மலாயில் சொன்னேன்.

டாக்டர் குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தார்.